நான்காவதாக வந்த பிள்ளையையும் பாருங்கள்

பள்ளிகளுக்கு இடையேயான குறுவட்டப் போட்டி நடக்கும்போது 14 வயதுக்கு உட்பட்டோர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை ஒருமுறை கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். எட்டுப் பையன்கள் நிற்பார்கள். அதில் இரண்டு பேருக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும், தொடை திரண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் அவர்கள் தோளுக்குக்கூட வர மாட்டான். விசில் ஊதியதும் அந்த இருவரில் ஒருவன் ஜெயிப்பான், எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பேப்பரில் படம் வரும், அன்றைக்கு நான்காவதாக வந்த குட்டிப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். பன்னிரண்டு வருடமாகக் காலையில் மைதானத்தில் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிற காட்சி அதுதான், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து மாநில அளவில் ஓடியிருக்க வேண்டியவன் பல நேரம் அந்த பஸ்ஸில் போனவன்தான்.

இதை உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊரில் சும்மா ஆர்வத்தில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற அண்ணன்மார்களுக்கும், 'என் பிள்ளை நல்லா ஓடுது, என்ன பண்றது' என்று கேட்கிற பெற்றோருக்கும் எழுதுகிறேன். தடகளத்தை வைத்துத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். கபடிக்கும் வாலிபாலுக்கும் பாதி பொருந்தும்.

முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், அதற்குக் கீழே பிறந்த தேதி, மாதத்தோடு. வயது என்று ஒரு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். வயதுப் பிரிவை எந்தத் தேதியில் வெட்டினாலும் ஒரே பிரிவில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் உள்ள பிள்ளைகள் சேர்ந்துதான் ஓடுவார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் பெரியவர்களானால் அதில் ஒன்றும் இல்லை, 13 வயதில் அந்தப் பதினோரு மாதம் ஒரு மலை. கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருக்கிறார்கள் என்று 1980களிலேயே கண்டுபிடித்தார்கள், அப்புறம் கால்பந்து, தடகளம் என்று தேடிய இடமெல்லாம் அதே கதைதான். முன்னால் பிறந்தவன் தேர்வாகிறான், அதனால் நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார், அதனால் இன்னும் நன்றாக ஆடுகிறான், பிறகு 'பார்த்தீர்களா, நாம் சரியான ஆளைத்தான் எடுத்தோம்' என்கிறோம்.

நீரஜ் சோப்ரா பிறந்தது 1997 டிசம்பர் 24. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வருடப் பிள்ளைகளிலேயே கடைக்குட்டி. மைதானத்துக்கு அவர் வந்ததே உடம்பைக் குறைக்க வீட்டில் அனுப்பியதால்தான், பானிப்பட்டில் பெரிய பையன்கள் ஈட்டி எறிவதைப் பார்த்துத்தான் கையில் எடுத்தார். அன்றைக்கு ஒரு 100 மீட்டர் ஓட்டம் வைத்து ஆள் எடுத்திருந்தால் அந்தக் குண்டுப் பையனை யார் எடுத்திருப்பார்கள்? 2016-ல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 86.48 மீட்டர் எறிந்து அந்த வயதுப் பிரிவின் உலக சாதனை, 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம்.

சரி, சோதனைக்கு வருவோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டேப், சுண்ணாம்பு, ஒரு செல்போன், ஒரு பந்து போதும். நான் பார்ப்பது நான்கு விஷயம்: 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, பந்து எறிவது, 600 மீட்டர். பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் ட்ராக் போட்டிருந்தால் 600 என்பது மூன்று சுற்று.

நின்ற இடத்திலிருந்து தாண்டுவதை எப்படி எடுப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கிற பெரும்பாலான இடங்களில் தப்பாக எடுக்கிறார்கள். மண்ணை லேசாக நனைத்துச் சமப்படுத்துங்கள். சுண்ணாம்பில் ஒரு கோடு. பிள்ளை செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு கால் விரல்களும் கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். கையைப் பின்னால் வீசி, முட்டியை மடக்கி, ஒரே மூச்சில் இரண்டு காலாலும் தாண்ட வேண்டும், முன்னால் ஒரு எட்டு வைத்தால் செல்லாது. இறங்கிய இடத்தில் இரண்டு குதிகால் தடம் இருக்கும், கோட்டுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதுவரைக்கும்தான் டேப். கை பின்னால் ஊன்றினால் அந்தத் தாண்டலை விட்டுவிட்டு மறுபடி. மூன்று வாய்ப்பு, அதில் நல்லதை எழுதுங்கள். ஆனால் தூரத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்று வாய்ப்பில் ஒவ்வொன்றும் கூடிக்கொண்டே போனதா என்று பாருங்கள். இரண்டாவது தாண்டலுக்கு முன் 'கையை இன்னும் உயர வீசு' என்று ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். சொன்னதும் உடம்பில் அதைக் கொண்டுவருகிற பிள்ளை இருக்கும், பத்துத் தடவை சொன்னாலும் வராத பிள்ளையும் இருக்கும். எனக்கு டேப் காட்டுகிற எண்ணைவிட இது முக்கியம்.

30 மீட்டரை ஸ்டாப்வாட்சில் எடுத்தால் ஆளுக்கு ஆள் மாறும். கையால் எடுக்கிற நேரம் மின்னணு நேரத்தைவிடக் கிட்டத்தட்ட கால் நொடி குறைவாகவே காட்டும், ஏனென்றால் நம் விரல் ஓட்டம் தொடங்கிய பிறகுதான் அழுத்தும். 30 மீட்டரில் கால் நொடி பெரிய பொய். அதனால் செல்போனைத் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் தூரமாக ஒரு ஸ்டாண்டில் வைத்து, நொடிக்கு 60 படம் என்ற அமைப்பில் வீடியோ எடுங்கள். பின்னங்கால் நகர்கிற முதல் படத்திலிருந்து நெஞ்சு கோட்டைத் தாண்டுகிற படம்வரை எத்தனை என்று எண்ணி 60-ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முப்பது பிள்ளைகளுக்கு முடித்துவிடலாம்.

இந்த எண்களைப் பார்த்து அன்றைக்கே யாரையும் எடுக்காதீர்கள், யாரையும் கழிக்காதீர்கள். வந்த எல்லோருக்கும் வாரம் மூன்று நாள், எட்டு வாரம், ஒரே பயிற்சி கொடுங்கள். அப்புறம் அதே நான்கு சோதனையை அதே இடத்தில், அதே நேரத்தில், முடிந்தால் அதே காற்றில் மறுபடி வையுங்கள். இப்போது இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். நான் தேடுகிற பிள்ளை அங்கேதான் இருக்கும். முதல் நாள் ஏழாவதாக இருந்து எட்டு வாரத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளை, அதுவும் அக்டோபரிலோ நவம்பரிலோ பிறந்து இன்னும் வளர்ச்சி தொடங்காத பிள்ளை என்றால் அந்த நோட்டின் அட்டையில் நான் ஒரு நட்சத்திரம் போட்டு வைப்பேன். கூடவே வருகைப் பதிவையும் பாருங்கள். மழை தூறின காலையில் வந்தது யார், பயிற்சி முடிந்த பிறகும் 'சார், இன்னொரு தடவை தாண்டிக்கட்டுமா' என்று கேட்டது யார்.

அடுத்தது உயரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், வெறும் காலில், சுவரில் ஒட்டிய டேப்பில் அளந்து நோட்டில் எழுதுங்கள். சாயங்காலம் அளக்காதீர்கள், நாள் முழுக்க நின்றதில் ஒரு சென்டிமீட்டர்வரை குறைந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும், ஒரே வருடத்தில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் எகிறும். சிலருக்கு இது இரண்டு வருடம் முன்னாலும் வரும், இரண்டு வருடம் தள்ளியும் வரும். அந்த மீசை வைத்த 13 வயதுக்காரன் வளர்ச்சியை முடித்துக்கொண்டிருக்கிறான், தோளுயரப் பையன் இன்னும் தொடங்கவே இல்லை. இது தெரியாமல் இருவரையும் ஒரே கோட்டில் ஓட வைத்து ஒருவனுக்குத் திறமை இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

உயரம் எகிறுகிற மாதங்களில் பிள்ளை தடுமாறும். நன்றாகத் தடை தாண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று இடிப்பான், நேரம் கூடும், 'சோம்பேறி ஆயிட்டான்' என்று சொல்வார்கள். கால் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில்தான் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் வலிப்பதும் வரும். இந்த வயதில் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், தசைநார் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. 'வளர்ற வலி, ஓடினா சரியாயிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். குதிப்பதையும் கான்கிரீட்டில் ஓடுவதையும் நிறுத்தி, ஓட்டத்தைப் பாதியாக்கி, நுட்பப் பயிற்சியும் நீச்சலும் சைக்கிளும் கொடுங்கள். வலி போகாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சி வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு 12 மணி நேரம், அதிலேயே பி.இ.டி. பீரியடும் அடங்கும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. தூக்கம் 12 வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்கும், அதற்கு மேல் எட்டு மணி நேரத்துக்கும் குறையக் கூடாது. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் சின்னவர்கள் எட்டுக்குள், பெரியவர்கள் ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும், அதற்கு டியூஷன் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் வீட்டில் பேசியாக வேண்டும்.

11 முதல் 13 வயதுவரை ஒரே நிகழ்வில் போட்டு அடைக்காதீர்கள். ஓடட்டும், தாண்டட்டும், எறியட்டும், மற்ற நாளில் கபடியோ கோகோவோ ஆடட்டும். உசைன் போல்ட் சின்ன வயதில் கிரிக்கெட் ஆடியவர், ஹிமா தாஸ் அஸ்ஸாமில் பையன்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்து பதின்வயதில்தான் தடகளத்துக்கு வந்தார், 2018-ல் பின்லாந்தின் தாம்பெரேயில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம். இதை ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். சிறுவர் பிரிவில் கொடிகட்டிப் பறந்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே ஒரே விளையாட்டில் இறங்கியவர்கள். பெரியவர்களான பிறகு உலக அளவில் ஜெயித்தவர்களோ சின்ன வயதில் பல விளையாட்டு ஆடியவர்கள், தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். நம் இந்தியத் தடகளச் சம்மேளனம்கூட மாவட்டங்களுக்கு இடையேயான தேசிய ஜூனியர் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை ட்ரையத்லான் என்று ஓட்டம், தாண்டல், இன்னொரு நிகழ்வு எனச் சேர்த்து மூன்றில் போட்டியிட வைக்கிறது. உங்கள் பள்ளியிலும் அப்படியே வையுங்கள்.

14 முதல் 16 வரை குழுவாகப் பிரியுங்கள்: வேக ஓட்டம், தாண்டல், எறிதல், நடுத்தூரம். 17-க்கு மேல் நிகழ்வைத் தேர்ந்தெடுத்தால் போதும். எறிகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் எடையைக் கொடுக்காதீர்கள், இது நம் பள்ளிகளில் அடிக்கடி நடக்கிறது. பீரோவில் ஒரே ஒரு 7.26 கிலோ குண்டு இருக்கும், அதையே ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் கொடுப்பார்கள். 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே குண்டு 5 கிலோதான், ஈட்டி 700 கிராம். பெண்களுக்கு 3 கிலோ, 500 கிராம். அதிக எடையை எறிந்தால் பலம் வரும் என்று நினைப்பது தப்பு. எறிகிற வேகம் செத்து, முழங்கையும் தோளும்தான் போகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். நல்ல ஓட்டக்காரிகளை நாம் இழப்பது பெரும்பாலும் 13, 14 வயதில், அதுவும் மைதானத்தில் இல்லை, வீட்டு வாசலில். ஒரு பிள்ளை மூன்று வாரம் வரவில்லை என்று தேடிப் போனேன். பாட்டி திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வயசுக்கு வந்த புள்ள, டவுசரைப் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடினா யாரு தம்பி கட்டிக்குவா?"

"பாட்டி, டவுசர் வேண்டாம், ட்ராக் பேன்ட் போட்டுக்கட்டும். காலைல ஆறு மணிக்கு வெயில் ஏது? நீங்களே கூட வந்து உக்காருங்க."

நான்காவது நாள் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. இப்படிப் போய் உட்கார்ந்து பேசுவதும் பயிற்சியாளரின் வேலைதான். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்த பிள்ளை, வெறும் காலில் ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் கூப்பிட்டபோது பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக அந்தப் பிள்ளை ஓடியது.

இந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு விரியும், எடை கூடும், நேரம் ஒரு வருடம் அசையாமல் நிற்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். அப்போது 'உடம்பைக் குறை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். சாப்பாடு பயிற்சிக்கு ஈடுகொடுக்காமல் போனால் மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவிழக்கும், கால் எலும்பில் கீறல் விழும். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு மூன்று மாதம் வராமல் இருந்தால் பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், அந்தக் கணக்கைப் பிள்ளையோ அம்மாவோ தங்கள் கையிலேயே வைத்திருக்கட்டும், பொது நோட்டில் வேண்டாம். இன்னொன்று, தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி விழுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, கருவாடு, நெல்லிக்காய் என்று வீட்டில் முடிந்ததைச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற மைதானத்துக்கு மட்டும் பிள்ளையை அனுப்புங்கள். தனி அறையில் மசாஜ், ராத்திரி தனி மெசேஜ், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண்கூட இல்லாத பயணம், இதில் ஒன்று இருந்தாலும் எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளராக இருந்தாலும் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

படிக்கட்டு எது என்று பார்த்தால், பள்ளி வழியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளிகள் போட்டி. சங்கத்தின் வழியில் மாவட்டத் தடகளச் சங்கப் போட்டி, மாநிலம், தேசியம். இரண்டிலும் கால் வையுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரலாம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பிப்ரவரி, மார்ச்சிலேயே போய்க் கேட்டு வையுங்கள். விடுதி என்றதும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் பிள்ளையின் நிகழ்வுக்கு அங்கே யார் பயிற்சியாளர் என்று பாருங்கள். பி.டி. உஷா 1976-ல் கண்ணூர் விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது கிடைத்த பெரிய சொத்து ஓ.எம். நம்பியார் என்ற ஒரு பயிற்சியாளர்தான்.

போகிற வழியில் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள். ஒருவர் 'சர்டிஃபிகேட்ல ரெண்டு வயசு குறைச்சுடலாம்' என்பார். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள், மாட்டினால் தடை. மாட்டாவிட்டால் அதைவிட மோசம், அந்தப் பிள்ளை 18 வயதுப் பிரிவு முடிகிற அன்றைக்குத் தன் உண்மையான வயதுக்காரர்களைச் சந்திக்கும், அன்றைக்கு ஓட்டத்தையே விட்டுவிடும். இன்னொருவர் டப்பாவில் ஒரு பவுடரோ, 'வைட்டமின்' ஊசியோ கொண்டுவருவார். உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் 'எனக்குத் தெரியாது, சார்தான் கொடுத்தார்' என்பது செல்லாது, நான்கு வருடம்வரை தடை வரும். 2,000-க்கும் அதிகமான மாதிரிகளைச் சோதித்த நாடுகளில், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அதிக விகிதத்தில் மாட்டியது இந்தியாதான். பிள்ளையின் வாயில் போகிற எதுவாக இருந்தாலும் அதன் பெயரை நோட்டில் எழுத வையுங்கள், எழுத முடியாத எதையும் சாப்பிட வேண்டாம். சளிக்கு மாத்திரை வாங்கினாலும் 'நான் போட்டிக்கு ஓடுகிறேன்' என்று மருத்துவரிடம் சொல்லப் பழக்குங்கள்.

17, 18 வயதில் பிள்ளை உங்களைத் தாண்டி வளர்ந்துவிடும். சிந்தடிக் ட்ராக், எடைப் பயிற்சி அறை, பிசியோ, அந்த நிகழ்விலேயே ஊறிய பயிற்சியாளர், இதெல்லாம் தேவைப்படும், அது பெரும்பாலும் உங்கள் ஊரில் இருக்காது. அப்போது பிடித்து வைக்காதீர்கள். புதுப் பயிற்சியாளரிடம் நீங்களே கூட்டிப் போங்கள், நோட்டுகளையும் கொண்டுபோங்கள். ஆறு வருட உயரம், ஒவ்வொரு எட்டு வாரச் சோதனை, எந்த மாதம் எந்த முட்டி வலித்தது, எந்தத் திருத்தத்தை எப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியும், எல்லாம் அதில் இருக்கும். அவர் முதல் வாரமே 400 மீட்டரைப் பத்துத் தடவை ஓட வைப்பதற்கு முன்னால் அதைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் நம்பரைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.